கவிழ்த்தும் விழாதது

கல்முனை. புதன், காலை எட்டு இருபது.
நாலாம் கதிரையில் உதுமாலெவ்வை காக்கா.
ஊசி ஏறி நாற்பது நிமிடம்,
"புள்ள, குளிருது கா" என்றார்.
வெளியே வெயில் கூரைத் தகரத்தை வறுத்துக்கொண்டிருந்தது.

பல் கிட்டியது. கம்பளி இரண்டு.
அவரோடு கதிரையும் நடுங்கியது.
மறுகா ஆறாம் கதிரை, திருக்கோவில் கோமளேஸ்வரி.
மறுகா ஒன்பது.
தாதி சுகிர்தா என்னைப் பார்க்கவில்லை,
என் கக்கத்திலிருந்த பதிவேட்டைப் பார்த்தாள்.
சிறுநீரகப் பிரிவின் தண்ணீருக்கு
நான்தான் பொறுப்பு.

வளர்ப்புத் தட்டில் ஒன்றும் முளைக்கவில்லை.
பூச்சியம் என்றெழுதி ஒப்பமிட்டிருந்தேன்.
அது பொய்யில்லை.
அந்தத் தண்ணீரில் உயிர் எதுவும் இல்லை.

இருந்தது ஒரு சட்டை.

பற்றீரியா உடுத்தியிருக்கும் வெளிச்சட்டை:
கொழுப்பில் வேர், சீனியில் கொடி.
மூன்று நான்கு சீனி ஒரு கண்ணி,
அதே கண்ணி மறுபடி, அதே கண்ணி மறுபடி,
மணி கோக்கிறவள் கதை கேட்டபடி
நிறுத்த மறந்ததுபோல.
இனத்துக்கு இனம் கோர்ப்பு வேறு.
இரத்தம் அதை வைத்துத்தான் ஆளை நினைவு வைக்கும்.
கீழே குட்டைக் கழுத்து.
அதற்கும் கீழே, சவ்வில் புதைந்து,
இரண்டு சீனி, ஆளுக்கொரு பொஸ்பேற்று,
ஆறு கொழுப்பு வால்.

நஞ்சு அந்த வாலில் என்று படித்தேன்.
வால் யாரையும் கடிக்காது.
எங்கள் வெள்ளணுவின் வாசலில் ஒரு குழி;
ஐந்து வால் அதில் இறங்கும்,
ஆறாவது இடமில்லாமல் வெளியே நிற்கும்.
இடம் கிடைக்காத அந்த ஒன்றுதான்
பக்கத்து வாசலையும் இழுத்து ஒட்டும்.
இரண்டும் ஒட்டினால் மணி அடிக்கும்.
நாலே வாலோடு வருவது
குழிக்குள் சும்மா படுத்துக் கிடக்கும்.
இரண்டு வால் வித்தியாசம்,
ஒரு மனிதனின் காய்ச்சல்.

மணி அடித்தால் உடம்பு ஊரைக் கூட்டும்.
நாளம் தளரும். அழுத்தம் எழுபதுக்கு நாற்பது.
செத்த ஒன்றின் சட்டையைக் கண்டு
உயிரோடிருக்கிறவர்
தன் வீட்டுக்குத் தானே தீ வைப்பார்.

கொதிக்க வைத்தாலும் போகாது அது.
இருநூற்றைம்பது பாகையில் அரை மணி
கண்ணாடிக் குப்பிகளைச் சுட்டெடுத்தேன்,
அந்தச் சூட்டுக்குத்தான் பணியும்.
குதிரைலாட நண்டின் நீல இரத்தத்தில் செய்த மருந்து;
எங்கள் வாவியில் நான் காணாத நண்டு,
எந்தக் கடற்சேற்றிலோ
இந்தச் சட்டை பட்டால் உறையப் பழகியது.
முப்பத்தேழு பாகை. ஒரு மணி நேரம்.
குப்பியைக் கவிழ்த்தேன்.

விழவில்லை.

நுங்கு மாதிரி அடியில் ஒட்டி நின்றது.

ஞாயிற்றுக்கிழமை தொட்டிக்குக் குளோரின் ஊற்றியது நான்.
மூன்று தரம் அலச வேண்டும்.
சாய்ந்தமருதில் கேக் சொல்லியிருந்தேன், மகளுக்கு ஏழு வயது,
பேக்கரி ஐந்துக்குப் பூட்டும்.
ஒரு தரம் அலசினேன்.
குளோரின் தாள் வெள்ளையாக இருந்தது, போனேன்.
கொன்றது நான்.
கொன்றதை அள்ளாமல் போனதும் நான்.

ஒன்பதாம் கதிரைக்குப் பின்னால்
பழைய இயந்திரத்தைக் கழற்றியவர்கள்
மூடி போட்டுவிட்ட ஒரு முழக் குழாய்.
தண்ணீர் வரும், போகாது.
அறுத்து விரலை விட்டேன்:
கழுவாத கெளிற்று மீனின் வழுவழுப்பு.

பதிவேட்டில் ஞாயிறுப் பக்கத்தைத் திருப்பி
"ஒரு தரம்" என்று எழுதினேன்.
சுகிர்தா வாசித்தாள். ஒன்றும் சொல்லவில்லை.
தேநீரில் சீனி கூடப் போட்டுத் தந்தாள்.

சனிக்கிழமை காக்கா வந்தார்,
மெலிந்த சாரம், கையில் வெள்ளரிப்பழம்.
"இண்டைக்குத் தண்ணி எப்பிடிக் கா?"
புதுக் குப்பியை அவர் முன்னே கவிழ்த்தேன்.
வழிந்து என் சப்பாத்தில் விழுந்தது.

அவர் சப்பாத்தைப் பார்த்தார்.
கொஞ்ச நேரம் பார்த்தார்.
பிறகு கையை நீட்டினார்.